அடியாள் சொந்தமா பேசின ஒரு வசனம்

மொட்டைக்கு அம்பது வயசு. அதுல முப்பது வருஷம் விழுந்தே பொழப்ப ஓட்டியாச்சு. மாடியிலருந்து விழுவாரு, ஜன்னல் வழியா விழுவாரு, ஓடுற லாரியிலருந்து விழுவாரு, ஹீரோ முறைச்சாலே விழுவாரு. சண்டைப் படத்துல ஹீரோ காலச் சுழட்டினதும் நாலு பேரு பின்னாடி பறந்து போய் பீப்பா மேல விழுறாங்க பாருங்க, அதுல மூணாவது ஆளு. தலையில முடி நல்லாத்தான் வளரும். முடி வெச்ச அடியாளுக்கு அழைப்பு கம்மின்னு வாரத்துக்கு ரெண்டு தடவ மழிச்சுக்குவாரு. பெத்தவங்க வெச்ச பேரு ஏதோ ஒரு கார்டுல இருக்கு. பொண்டாட்டிக்கே அது சட்டுனு வாயில வராது.

வயித்தெரிச்சல் என்னன்னா, மனுஷனுக்கு நெசமாவே சண்டை தெரியும். மார்க்கெட்டுல மூட்டை தூக்கின காலத்துல, பின்பக்கத்து ஷெட்டு ஒண்ணுல வெறுங்கைச் சண்டை சொல்லிக் குடுத்தாங்க. சினிமாவுக்கு வந்தப்புறமும் விடாம, மொத்தம் பன்னெண்டு வருஷம் முறையா கத்துக்கிட்டாரு. படத்துல ஹீரோவுக்கு ட்ரெய்னிங் பதினொரு நாளு. பன்னெண்டு வருஷக்காரன் பதினொரு நாள்காரன்கிட்ட அடி வாங்கணும். வாங்கிட்டு "சூப்பர் சார்"னு சொல்லணும். ஆபீஸ்லயும் ஃபாக்டரியிலயும் நடக்குறதும் இதுதான், அங்க கேமரா வெக்கறதில்ல, அவ்வளவுதான்.

விழுற தொழில்ல ரெண்டே விதி. கை பட்டப்புறம் விழுந்தா லேட்டு, படறதுக்கு முன்னாடி விழுந்தா கள்ளாட்டம். பட்ட அந்த நொடியிலயே உடம்பு கெளம்பிடணும், யோசிக்கப்படாது. ரெண்டாவது, டைரக்டர் 'கட்' சொல்ற வரைக்கும் பொணம் மாதிரி கெடக்கணும். இந்த ரெண்டும் முப்பது வருஷத்துல எலும்புக்குள்ள எறங்கிடுச்சு. பஸ்ல யாராவது தெரியாம இடிச்சா மொட்டை நாலு சீட்டு தள்ளிப் போய் விழுவாரு. அதனால பஸ்ல எப்பவும் கம்பிய ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு.

அவரு சம்சாரம் பிஸ்கட் ஃபாக்டரியில பேக்கிங் செக்‌ஷன். பத்தொம்பது வருஷ சர்வீஸு. அங்க சின்னவங்க பெரியவங்க எல்லாருக்கும் அவங்க 'அக்கா'தான். பெல்ட்டுல பிஸ்கட் ஓடி வரும். உடைஞ்சத ஒதுக்கணும், முழுசா அடுக்கணும். எட்டு மணி நேரம், நின்னுக்கிட்டே. வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டுல தண்ணிய ஊத்தி ரெண்டு காலையும் உள்ள விட்டுக்கிட்டு, பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாதுன்னு உத்தரவு போடுவாங்க. கெண்டைக்கால்ல நரம்பு முடிச்சு முடிச்சா நிக்கும்.

அக்கா யூனியன் தேர்தல்ல செயலாளர் பதவிக்கு நின்னாங்க. கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: பேக்கிங்ல உக்கார ஸ்டூல் வேணும். எதுத்து நின்னவரு பதினொரு வருஷமா அந்தப் பதவியில உக்காந்திருந்தவரு. மைக்கப் புடிச்சா விடமாட்டாரு, அதனால பேரே மைக் செட்டு. பதினொரு வருஷத்துல அவரு தொழிலாளிக்கு வாங்கிக் குடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம். அதுவும் ஷிஃப்ட்டு முடியற நேரத்துல மட்டும் அஞ்சு நிமிஷம் மெதுவா ஓடும்.

இது அக்கா பக்கத்துக் கதை. மொட்டை பக்கத்துல என்ன நடந்துச்சுன்னா, ஒரு புரட்சிப் படம் வந்து மாட்டுச்சு.

கதை பழசுதான். ஒரு மில்லு. கொடுமைக்கார முதலாளி. தொழிலாளிங்க நியாயம் கேக்குறாங்க. முதலாளி நாப்பது அடியாளுங்கள எறக்குறான். எங்கருந்தோ ஒரு சண்டை வாத்தியார் வந்து, நாப்பது பேரையும் தனியா அடிச்சு, தொழிலாளிக்கு விடுதலை வாங்கிக் குடுத்துட்டுப் போறாரு. டைரக்டர் தாடிக்காரரு, சின்ன வயசு. மூடிக் கெடந்த மில்லு ஒண்ணுல ஒம்பது நாள் ஷூட்டிங். மொத நாளு நாப்பது ஃபைட்டர்களையும் வெயில்ல நிக்க வெச்சுப் பேசினாரு.

"சார், இது வெறும் சண்டைப் படம் இல்ல. இது உழைக்கிறவனோட கோபம்!"

நாப்பது பேரும் தலையாட்டினாங்க. ஸ்டண்ட் மாஸ்டர் கேட்டாரு: "ரொம்ப நல்லது தம்பி. நாப்பது பேருக்கு ஒரே ஒரு மெத்தை இருக்கு. விழுறதுக்கு இன்னும் ரெண்டு கெடைக்குமா?"

"பட்ஜெட்ல இல்லையே மாஸ்டர்."

உழைக்கிறவனோட கோபத்துக்கு பட்ஜெட் இருந்துச்சு, முதுகுக்கு இல்ல. முறை வெச்சு விழுந்தாங்க.

எட்டாவது நாளு டைரக்டர் கண்ணு மொட்டை மேல பட்டுச்சு. "அந்த மூஞ்சி நல்லாருக்கே! தலைமை அடியாளா இவரையே போடுங்க. குளோசப் வைக்கிறேன், ஒரு வசனம் சொல்லட்டும்."

முப்பது வருஷத்துல மொட்டை திரையில எழுப்பின சத்தமெல்லாம் 'ஆ', 'ஊ', 'அம்மா' மட்டும்தான்.  எழுதிக் குடுத்த வசனம் "டேய், ஓடுங்கடா!". ரெண்டு டேக் எடுத்தாங்க. டைரக்டருக்குத் திருப்தியில்ல.

"அண்ணே, ரத்தம் கொதிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கண்ணே. சொந்தமா! பாக்குறவனுக்கு உங்கள செருப்பால அடிக்கணும்னு தோணணும்."

சொந்தமா சொல்லுன்னா மனுஷன் எங்க போவாரு? தலைக்குள்ள இருந்தது முந்தின நாள் சாயங்காலம் வீட்டுல கேட்டது மட்டும்தான். அக்கா கால பக்கெட்டுல விட்டுக்கிட்டு அழாத குறையா சொன்னது. ஸ்டூல் கேட்டதுக்கு சூப்பர்வைசர் என்ன சொன்னான்னு. அதயே எடுத்தாரு. கீழ கெடந்த தொழிலாளி கைய பூட்ஸால மிதிச்சுக்கிட்டு, உதட்டச் சுழிச்சு, மெதுவா சொன்னாரு:

"நிக்கிறதுக்குத்தான்டா கூலி. உக்காரணும்னு ஆசையா இருந்தா வீட்டுல போய் உக்காரு. கேட்ட நானே தொறந்து விடுறேன்."

 டீ குடுத்துக்கிட்டிருந்தவரு கெட்டிலோட நின்னுட்டாரு. டைரக்டர் ஓடி வந்து கட்டிப் புடிச்சாரு. "எங்கண்ணே புடிச்சீங்க இத?"

"அதுவா வந்துச்சு தம்பி"ன்னாரு மொட்டை. வீட்டுல மூச்சு விடல. சம்சாரத்துக்கு இன்ப அதிர்ச்சி குடுக்கப் போறாராம்.

தேர்தலுக்கு மூணு வாரம் இருக்கறப்ப படம் வந்துச்சு. மொட்டை ஒரு வரிசை முழுசா டிக்கெட் எடுத்து, அக்காவையும் கொழுந்தியாவையும் பேக்கிங் பொம்பளைங்க இருபத்தஞ்சு பேரையும் கூட்டிட்டுப் போய் நடுவுல உக்காந்தாரு. கொழுந்தியாவும் அதே செக்‌ஷன்தான். வாயிக்கு மட்டும் தனி மோட்டார் வெச்ச பொண்ணு.

"மாமா, நீங்க எப்ப வருவீங்க?"

"இரு இரு. இன்டர்வெல்லுக்கு அப்புறம் பாரு, அசந்துடுவ."

இன்டர்வெல் முடிஞ்சுச்சு. திரை முழுக்க மொட்டைத் தலை. உதடு சுழிக்குது. "நிக்கிறதுக்குத்தான்டா கூலி..."

அந்த வரிசையில இருபத்தஞ்சு பேரும் சாப்புடுறத நிறுத்தினாங்க. அவங்க எட்டு மணி நேரம் நின்னுட்டுக் கேட்ட பேச்சு, இப்ப சவுண்டு பாக்ஸ்ல வருது. கொழுந்தியா மெல்லத் திரும்பினா.

"மாமா... நீங்க யாரு பக்கம்?"

மொட்டை வாயத் தொறக்கறதுக்குள்ள திரையில ஹீரோ பறந்து வந்து அவரு நெஞ்சுல ஒரு உதை. மொட்டை சுவத்த ஒடைச்சுக்கிட்டு வெளிய போனாரு. இருபத்தஞ்சு பேரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க. விசிலும் கேட்டுச்சு. விசிலடிச்சது கட்டின பொண்டாட்டி.

வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டு வரல, பேச்சுதான் வந்துச்சு.

"ஏன்யா, நான் உன்கிட்ட அழுதத நீ அங்க போய் வித்துட்டு வந்திருக்க?"

"விக்கலம்மா. வசனம் ஒண்ணு வேணும்னாங்க. நெருப்பா இருக்கேன்னு..."

"நெருப்பு எங்க வயித்துலய்யா! சரி, அந்தப் படத்துல நானூறு தொழிலாளி நின்னாங்களே, ஒருத்தன் வந்து சண்ட போடற வரைக்கும் அவங்கெல்லாம் என்ன புடுங்கிட்டு இருந்தாங்க?"

"அவங்க பேக்கிரவுண்டும்மா."

"பேக்கிரவுண்டா?"

"பின்னாடி நிப்பாங்க. அசையக் கூடாது. ஃபோக்கஸ் போயிடும்."

அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "மைக் செட்டும் எங்கள அப்படித்தான்யா பதினொரு வருஷமா நிக்க வெச்சிருக்கான்."

மறுநாளே அந்த வசனம் எல்லார் ஃபோனுக்கும் வந்துடுச்சு. அனுப்புனது மைக் செட்டு. கூடவே அவரோட கம்பீரக் குரலு: "தோழர்களே! ஸ்டூல் வாங்கித் தர்றேன்னு ஓட்டுக் கேக்குறவங்க வீட்டுக்காரர் பேசுறத கேளுங்க! வீட்டுல ஒரு கொள்கை, கேட்டுல ஒரு கொள்கையா?" அடுப்பு செக்‌ஷன்ல ஓட்டு கரைஞ்சுச்சு. மாவு செக்‌ஷன்ல கரைஞ்சுச்சு. பத்தொம்பது வருஷம் கூட வேலை பாத்தவங்க பாத்ரூம்ல அக்காவப் பாத்தா கொழாயப் பாக்க ஆரம்பிச்சாங்க.

"படம்னா நடிப்புதானேடி"ன்னு கொழுந்தியா ஒருத்திகிட்ட சண்டைக்குப் போனா. அவ கேட்டா: "நடிப்புதான். எங்க சூப்பர்வைசர் பேசின அதே வார்த்தை அவரு வாயில எப்படி வந்துச்சு? ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசினாங்களா?" கொழுந்தியா அன்னிக்கு டிபன் டப்பாவத் தூக்கிட்டு வேற மேஜைக்குப் போயிட்டா.

தேர்தல் நாளு. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்டு மாறுறப்ப, கேட்டுக்கு உள்பக்க மைதானத்துல ரெண்டு வேட்பாளரும் பேசணும். அப்புறம் கேன்டீன்ல ஓட்டு. அக்கா காலையிலயே கறாரா சொல்லிட்டாங்க: "தெருமுனை வரைக்கும் கூட வராத."

மொட்டை சரின்னாரு. சரின்னுட்டு ரெண்டு மணிக்கு ஒரு குல்லாவ மாட்டிக்கிட்டு கேட்டுல போய் நின்னாரு. எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை விளக்கமா சொல்லிட்டா போதும்னு அவரு நெனப்பு. முப்பது வருஷத்துல சொந்தமா ஒரே ஒரு வாக்கியம் பேசி குடும்பத்தக் கவுத்தவருக்கு, ரெண்டாவது வாக்கியம் பேசணும்னு ஆசை.

கேட்டுல ஒரு செக்யூரிட்டி. ஒல்லியான ஆளு, வேலைக்கு வந்து ரெண்டு மாசம். சட்டை யாரோ முன்னாடி இருந்தவரோடது, தோளு முழங்கையில கெடக்கு.

"அண்ணே, வெளியாளு உள்ள போகக் கூடாதுண்ணே."

"ஒரு நிமிஷம் தம்பி. அந்தம்மா என் வீட்டுக்காரம்மா."

"என் வேலை போயிடும்ணே..." சொல்லிக்கிட்டே அவரு உள்ளங்கைய மொட்டை நெஞ்சுல வெச்சாரு. தள்ளல. வெச்சாரு, அவ்வளவுதான்.

உடம்பு கெளம்பிடுச்சு.

மொட்டை தரையிலருந்து ரெண்டடி எழும்பி, காத்துலயே ஒரு சுத்து சுத்தி, சைக்கிள் ஸ்டாண்டு மேல முதுகால போய் விழுந்தாரு. மொத சைக்கிள் ரெண்டாவதத் தள்ள, ரெண்டாவது மூணாவதத் தள்ள, எட்டு சைக்கிளும் வரிசையா சாஞ்சு, கடைசி சைக்கிள் தீயணைக்கிற மணல் வாளிய கவுத்துச்சு. குல்லா எகிறி எங்கயோ போச்சு. ஒரு பெல்லு மட்டும் கிணிங் கிணிங்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவரோட வாழ்க்கையிலயே அழகா விழுந்தது அதுதான். படம் புடிக்கத்தான் யாருமில்ல.

மைதானத்துல இருந்த முன்னூறு பேரும் திரும்பினாங்க.

"அடிச்சுட்டான்! அக்கா வீட்டுக்காரர அடிச்சுட்டான்!"

கூட்டம் கேட்டுப் பக்கம் பாஞ்சுச்சு. செக்யூரிட்டி தன்னோட கையத் தானே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னாரு. இந்தக் கைக்கு இவ்வளவு பலமான்னு. மேஜை மேல நின்ன மைக் செட்டு, அஞ்சு நிமிஷம் முன்னாடி மொட்டைய 'முதலாளியோட கைக்கூலி'ன்னு கத்தின அதே வாயால கத்தினாரு: "நம்ம அருமைத் தோழர் மேல கை வெச்சுட்டாங்க!" ஆனா கூட்டம் அவரப் பாக்கல. "நம்ம அக்கா கேள்வி கேட்டதுக்குத்தான் அவங்க வீட்டுக்காரர அடிக்கிறாங்க! ஓட்டு அக்காவுக்குத்தான்!"னு மாவு செக்‌ஷன்லருந்து ஒரு குரலு. அடுப்பு செக்‌ஷன் ஆமாம் போட்டுச்சு. ஆபீஸ் ஜன்னல்லருந்து ஒருத்தர் எட்டிப் பாத்து, "அந்த செக்யூரிட்டிய நாளைக்கு வர வேணாம்னு சொல்லுங்கப்பா"ன்னுட்டு கதவச் சாத்திக்கிட்டாரு.

மொட்டை கண்ண மூடிக் கெடந்தாரு. காதுல எல்லாம் விழுந்துச்சு. 'ஓட்டு அக்காவுக்குத்தான்'. உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அக்கா கூட்டத்த வெலக்கிட்டு வந்து பக்கத்துல மண்டி போட்டாங்க. மொகம் வெளுத்திருந்துச்சு.

"யோவ்! எங்கய்யா பட்டுச்சு?"

மொட்டை உதடு அசையாம சொன்னாரு: "எங்கயும் இல்ல."

அக்காவுக்கு நிறம் திரும்புச்சு. குரல எறக்கினாங்க. "அடிச்சானா?"

"தொட்டான்."

"தொட்டதுக்கா எட்டு சைக்கிளு?"

"அதுவா போயிடுச்சும்மா. நீ பேசாம இரு. இப்படியே கெடந்தேன்னா நீ ஜெயிச்சுடுவ."

அக்கா தலையத் தூக்கிப் பாத்தாங்க. செக்யூரிட்டிய நாலு பேரு காலரப் புடிச்சிருந்தாங்க.  அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு. அக்கா பத்தொம்பது வருஷமா பேக்கிங்ல அதே மாதிரி மொகங்களப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

"எந்திரி"ன்னாங்க.

"ஜெயிக்கப் போறம்மா..."

"எந்திரிய்யா. அவனும் கூலிக்காரன்."

மொட்டை எந்திரிச்சாரு. யாரும் 'கட்' சொல்லாம அவரு எந்திரிச்சது அதுதான் மொத தடவ. மணலத் தட்டிட்டு சொன்னாரு: "அவரு அடிக்கலிங்க. கைய வெச்சாரு. விழுந்தது நானு. அதான் என் தொழிலு."

கூட்டத்துல மொத்தமா ஒரு 'ச்சீ'. மைக் செட்டுக்கு உயிர் வந்துடுச்சு. "பாத்தீங்களா நாடகத்த! புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஓட்டுக்காக விழுறாங்க! கை வெச்சா ஒருத்தன் பறப்பானா?" மேஜையிலருந்து எறங்கி வந்து, "இதோ நான் வெக்கிறேன், பறடா பாப்போம்!"னு மொட்டை தோள்ல ஒரு வெரல வெச்சாரு.

மிச்சம் நின்ன ஒரு மோட்டார் சைக்கிளும் போச்சு. அது மைக் செட்டோடது.

 பேக்கிங்ல யாரோ களுக்குன்னாங்க. அது பரவி முன்னூறு பேரும் வயித்தப் புடிச்சுக்கிட்டாங்க. செக்யூரிட்டி காலரப் புடிச்சிருந்தவனே அவரு தோள்ல சாஞ்சு சிரிச்சான்.

சிரிப்பு அடங்கினதும் மைக் செட்டு விடல. "அப்ப படத்துல பேசினது? அதுவும் யாராவது தொட்டு வந்துச்சா?"

மொட்டை கீழ உக்காந்தபடியே சொன்னாரு: "அது என் வசனம் இல்ல சார். உங்க சூப்பர்வைசர் வசனம். எட்டாவது நாள் ஷூட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம், இவ கால தண்ணியில விட்டுக்கிட்டு என்கிட்ட சொன்னா. கேட்டதுலருந்து என் நெஞ்சுலயே இருந்துச்சு. மோசமா ஏதாவது சொல்லுன்னாங்க. எனக்கு அதவிட மோசமா எதுவும் தெரியல."

"அப்படி யாரும் சொல்லவே இல்லைன்னு சூப்பர்வைசர் எழுதியே குடுத்திருக்காரே!"ன்னாரு மைக் செட்டு.

"எழுதிக் குடுத்தாரா? அத வாங்கி நீங்க பையில வெச்சிருக்கீங்களா?" கொழுந்தியா மோட்டார் ஓடத் தொடங்கிடுச்சு. "நாங்க இருபது பேரு பக்கத்துல நின்னு கேட்டோம். 'கேட்ட நானே தொறந்து விடுறேன்'. வார்த்தை மாறாம! எங்க மாமாவுக்கு சொந்தமா யோசிக்கற பழக்கமே கெடையாதுங்க!"

அக்கா மைக்க எடுக்கல. எடுக்கவும் தேவைப்படல. செக்யூரிட்டி பக்கம் திரும்பினாங்க.

"தம்பி, உனக்கு எத்தன மணி நேரம்?"

"பன்னெண்டுக்கா."

"நாற்காலி?"

"ஒண்ணு இருந்துச்சுக்கா. உக்காந்தா தூங்கிடுவேன்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நானும் நிக்கிறேன், அவனும் நிக்கிறான்"னாங்க அக்கா கூட்டத்தப் பாத்து. "நம்மள நிக்க வெச்சவரு ஜன்னலச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்காரு. அவன அடிச்சா அவருக்கு என்ன வலிக்கப் போகுது? அவன வேலைய விட்டு அனுப்பினா நாம யாரும் உள்ள போகல. ஓட்டு போடறவங்க போடுங்க, போடாதவங்க போங்க. நான் பேசி முடிச்சாச்சு."

ஒம்பது ஓட்டுல ஜெயிச்சாங்க. மைக் செட்டு மூணு தடவ எண்ணச் சொன்னாரு. மூணாவது தடவ எண்ணினப்ப பத்தாச்சு, அதோட நிறுத்திக்கிட்டாரு. செக்யூரிட்டிய யாரும் அனுப்பல. அன்னிக்கு ஷிஃப்ட்டுக்குப் போறவங்க அவர அனுப்பினா நாங்களும் கேட்டுக்கு வெளியத்தான் நிப்போம்னு நின்னுட்டாங்க. ஜன்னல் தானா தொறந்து, 'தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்'னுச்சு. ஸ்டூலுக்கு எழுதின மொத கடிதத்துல பேக்கிங்குக்கு அறுபது, கேட்டுக்கு ஒண்ணுன்னு இருந்துச்சு. அதுக்கு இன்னும் பதில் வரல. வர வைப்பாங்க.

மொட்டை சாயங்காலம் வரைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்து கோணின சக்கரத்தயெல்லாம் நிமுத்திக்கிட்டிருந்தாரு. அக்காவோட மொத உத்தரவு அது. மாவு செக்‌ஷன் அம்மா ஒருத்தங்க, நரைச்ச தலை, தன் சைக்கிள வாங்கிக்கிட்டு நகராம நின்னாங்க.

"அண்ணே, அடுத்த படத்துலயும் அடியாள்தானா?"

"வேற என்னம்மா குடுக்கப் போறாங்க."

"வசனம் கேப்பாங்களா?"

"கேட்டாலும் கேப்பாங்க."

அந்தம்மா சுத்தும் முத்தும் பாத்துட்டு குனிஞ்சாங்க. "என் புருஷன் செத்த அன்னிக்கு லீவு கேட்டேன். அதுக்கு எங்க சூப்பர்வைசர் ஒண்ணு சொன்னான். அத எடுத்துக்கிறீங்களா?"

மொட்டை கையிலருந்த ஸ்பேனரக் கீழ வெச்சாரு. சொல்லும்மான்னாரு. அந்தம்மா சொன்னாங்க.  அதுக்குள்ள பின்னாடி அடுப்பு செக்‌ஷன் ஆளு ஒருத்தர், "எங்கிட்ட ஒண்ணு இருக்குண்ணே, இதவிட நல்லாருக்கும்"னாரு. அவருக்குப் பின்னாடி மூணு பேரு. அவங்களுக்குப் பின்னாடி பேக்கிங்ல பாதி. செக்யூரிட்டி கூட கேட்டப் பூட்டிட்டு வந்து கடைசியில நின்னுக்கிட்டாரு.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல, மொட்டை உதட்டச் சுழிச்சு, அடியாள் மாதிரி திருப்பிச் சொல்லிக் காட்டினாரு. சொன்னவங்க, "அவனேதான்! அப்படியே இருக்கு!"ன்னு கையத் தட்டினாங்க. சத்தம் கேட்டு அக்கா கேன்டீன்லருந்து வந்தாங்க. வரிசையப் பாத்தாங்க, விஷயத்தக் கேட்டாங்க. நேரா உள்ள போய் யூனியன் நோட்டு ஒண்ணயும் பேனாவயும் எடுத்துட்டு வந்து மொட்டை மடியில போட்டாங்க.

"நடிச்சது போதும், எழுது. யாரு சொன்னது, யாருகிட்ட, எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட்டு. ஒண்ணு விடாத."

"இதெல்லாம் எதுக்கும்மா? வசனம் மட்டும் போதுமே."

"உனக்கு வசனம்யா. எங்களுக்கு சாட்சி. அடுத்தவங்கள வரச் சொல்லு."